கொடியைக் காட்டி நாட்டின் பெயரைக் கேட்பதை விட்டுவிடுங்கள்

கேள்வி இதுதான்: குடும்பமாகக் கூடும்போது 6 வயதிலிருந்து 13 வயது வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். உலக நாடுகளின் கொடிகளை வைத்து வினாடி வினா நடத்தலாம் என்றால், ஒரே ஒரு பையன் எல்லாப் பதிலையும் சொல்லிவிடுகிறான், மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து கேட்கும்படியான தகவல்கள் உண்டா?

நிறைய உண்டு. அந்தப் பையன் மேல் தப்பில்லை, கேள்வியில்தான் கோளாறு. 'இது எந்த நாட்டுக் கொடி?' என்று கேட்டால் மனப்பாடம் செய்தவன்தான் ஜெயிப்பான். நாட்டின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்தை நடுவில் வைத்துவிட்டு, 'இதில் என்ன விசித்திரம்?', 'ஏன் இப்படி வைத்திருப்பார்கள்?' என்று கேளுங்கள். கண்ணால் பார்த்தோ ஸ்கேலால் அளந்தோ கண்டுபிடிக்கக்கூடிய கேள்வி என்றால் ஆறு வயதுப் பிள்ளையும் போட்டியில் இருக்கும்.

முதலில் வடிவம். உலகில் நான்கு மூலை இல்லாத தேசியக் கொடி ஒன்றே ஒன்றுதான், நேபாளத்துடையது. இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு, அகலத்தைவிட உயரம் அதிகம். இது பலருக்கும் தெரியும். அந்தக் கொடியை எப்படி வரைய வேண்டும் என்று அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்திலேயே, கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுப்பதுபோல, படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. வெளிக்கோட்டை மட்டும் வரைந்து பார்க்கலாம். கீழே 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு படுக்கைக் கோடு. அதன் இடது முனையிலிருந்து நேர் மேலே 16 செ.மீ. கோடு. அந்த நிமிர்ந்த கோட்டில் கீழிருந்து 12 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைப் படுக்கைக் கோட்டின் வலது முனையோடு சாய்வாகச் சேருங்கள். அந்தச் சாய்கோட்டில், கீழ் முனையிலிருந்து 12 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக, நிமிர்ந்த கோட்டில் தொடங்கி வலப்பக்கம் 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு படுக்கைக் கோடு. கடைசியாக, அதன் வலது முனையையும் உச்சியையும் சேர்த்துவிட்டால் கொடி வந்துவிடும். தேவையில்லாத கோடுகளை அழித்துவிட்டு, மேலே பிறை, கீழே 12 முனைச் சூரியன், சுற்றிலும் நீலக் கரை. பத்து வயதுப் பிள்ளை அரைமணி நேரம் அசையாமல் உட்காரும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒருகாலத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. 1962-ல் இப்போதைய வடிவத்தை நிர்ணயித்தபோதுதான் அந்த முகங்களை எடுத்துவிட்டார்கள். முகம் வரைய ஆசைப்படும் பிள்ளையிடம், 'பழைய கொடி' என்று சொல்லி வரையவிடலாம்.

மற்ற வடிவங்களைச் சட்டென்று முடித்துவிடலாம். சதுரமான தேசியக் கொடிகள் இரண்டு: சுவிட்சர்லாந்து, வாத்திகன். மிக நீளமானது கத்தாருடையது. 11 பங்கு உயரம், 28 பங்கு நீளம்.

வட்டங்களுக்கு ஸ்கேல் வேண்டும். ஜப்பான், பங்களாதேஷ், பலாவ் மூன்றின் கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளையில் சிவப்பு வட்டம், பச்சையில் சிவப்பு வட்டம், நீலத்தில் மஞ்சள் வட்டம். 'எந்த வட்டம் நடுவில் இல்லை?' என்று கேளுங்கள். பார்த்தால் சட்டெனத் தெரியாது, அளந்தால் தெரியும். பங்களாதேஷின் வட்டம் கம்பத்துப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருக்கும். கொடியின் நீளம் 10 செ.மீ. என்றால் வட்டத்தின் மையம் 4.5 செ.மீ.-ல் வரும். காற்றில் பறக்கும்போது வட்டம் நடுவில் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. பலாவின் வட்டமும் அப்படித்தான் தள்ளியிருக்கும். அது சூரியன் இல்லை, முழுநிலா. ஜப்பானும் 1870-ல் போட்ட விதியில் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் கம்பத்துப் பக்கம் தள்ளி வைத்திருந்தது. 1999-ல் சட்டம் கொண்டுவந்தபோது சரியாக நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்தது இரட்டையர்கள். என்னைக் கேட்டால் கொடி விளையாட்டில் இதுதான் சுவையான பகுதி, இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கு லீக்டன்ஸ்டைன் தன் கொடியோடு போனது. மேலே நீலம், கீழே சிவப்பு. அங்கே போய்ப் பார்த்தால் ஹைட்டியும் அதே கொடியோடு வந்து நிற்கிறது! ஐரோப்பாவில் மலைகளுக்கு நடுவே ஒரு குட்டி நாடு, கரீபியன் கடலில் ஒரு தீவு நாடு. இரண்டுக்கும் ஒரே கொடி என்பது அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. மறு வருடமே லீக்டன்ஸ்டைன் நீலப் பட்டையில் ஒரு தங்கக் கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. அது மன்னர் குடும்பம் ஆளும் நாடு என்பதால் கிரீடம் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு சாட், ருமேனியா இரண்டையும் காட்டுங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, மூன்றும் நின்ற வாட்டில். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் மூக்கு படத்தில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார்கள். சாட்டின் நீலம் ஒரு சாயல் அடர்த்தி, அவ்வளவுதான். இது எப்படி நேர்ந்தது? சாட் 1959-ல் இந்தக் கொடியைத் தேர்ந்தெடுத்தபோது ருமேனியக் கொடியின் நடுவில் கம்யூனிஸ்ட் அரசின் சின்னம் இருந்தது, குழப்பத்துக்கு வழியே இல்லை. 1989 புரட்சியில் ருமேனிய மக்கள் அந்தச் சின்னத்தைக் கத்தரித்து எறிந்தார்கள். நடுவில் ஓட்டையோடு பறந்த கொடிகளின் புகைப்படங்கள் கிடைக்கின்றன, கட்டாயம் காட்டுங்கள். அதன்பின் சின்னம் இல்லாமலே கொடி நிலைத்துவிட்டது. சாட்டுக்கு இரட்டைப் பிறவி கிடைத்துவிட்டது.

இந்தோனேசியாவும் மொனாகோவும் அதே கதை. இரண்டுமே மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அளவில்தான் வேறுபாடு. இந்தோனேசியா 2-க்கு 3, மொனாகோ 4-க்கு 5, அதாவது கொஞ்சம் குட்டை. இதைத் தலைகீழாகப் பிடித்தால் போலந்து.

அயர்லாந்தும் ஐவரி கோஸ்ட்டும் கண்ணாடிப் பிம்பங்கள். அயர்லாந்து பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. ஐவரி கோஸ்ட் ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. 2018-ல் பர்மிங்காமில் நடந்த உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியில் ஐவரி கோஸ்ட்டின் முரியெல் அவூரே 60 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கொண்டாட ஓடிவந்தால் கையில் கொடி இல்லை. பார்வையாளர் ஒருவரிடமிருந்து அயர்லாந்துக் கொடியை வாங்கி, திருப்பிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். 'அவர் என்ன செய்திருப்பார்?' என்று நிறுத்திக் கேளுங்கள், யாராவது ஒரு வாண்டு சொல்லிவிடும்.

இரட்டையர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நார்வே கொடி ஒரு நல்ல விருந்து. சிவப்புத் துணியில் வெள்ளைக் கரை போட்ட நீலச் சிலுவை. ஒரு தாளில் சின்னச் செவ்வக ஓட்டை வெட்டிக்கொண்டு, அந்தக் கொடியின்மேல் நகர்த்திப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் மேலே சிவப்பு இருந்தால் இந்தோனேசியா, மேலே வெள்ளை இருந்தால் போலந்து. கிடையாக ஓடும் பட்டையில் மேலிருந்து சிவப்பு, வெள்ளை, நீலம் மட்டும் தெரிந்தால் நெதர்லாந்து. இன்னும் கீழே இழுத்து ஐந்து பட்டைகளும் தெரிந்தால் தாய்லாந்து. நின்ற பட்டையின் வலது ஓரத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு, அது பிரான்ஸ். சிலுவை சந்திக்கும் இடத்தில் சிவப்பு எட்டிப்பார்க்காதபடி வைத்தால் பின்லாந்து. ஓட்டையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும், இரண்டு மூன்று தாள்களை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததை எழுதிவைக்க ஒருவர், தாளை நகர்த்த ஒருவர் என்று பிரித்துவிட்டால் சண்டை குறையும்.

அப்புறம், திருப்பிப் போடுகிற விஷயங்கள். பராகுவே கொடிக்கு முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறு சின்னம். முன்னால் நட்சத்திரம் உள்ள நாட்டுச் சின்னம், பின்னால் சிங்கம் இருக்கும் கருவூல முத்திரை. சவூதி அரேபியா கொடியில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதியிருப்பதால் எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகப் படிக்க வர வேண்டும். அதனால் இரண்டு துணிகளை முதுகோடு முதுகு சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தப் புனித வாசகத்தின் காரணமாகவே அந்தக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதில்லை. பிலிப்பைன்ஸ் கொடியைத் தலைகீழாக ஏற்றினால், அதாவது சிவப்பு மேலே வந்தால், போர் நடக்கிறது என்று அர்த்தம். சமாதான காலத்தில் நீலம்தான் மேலே. 2010-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு கூட்டத்தில் அமெரிக்கா அதைத் தெரியாமல் தலைகீழாக வைத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. பெரியவர்களே இப்படி மாட்டிக்கொள்வது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் இன்னொன்றும் சொல்லலாம்: 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது கிளாஸ்கோவில் வட கொரியப் பெண்கள் கால்பந்து அணியை அறிமுகப்படுத்துகையில் திரையில் தென் கொரியக் கொடி வந்துவிட்டது. வீராங்கனைகள் மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள், ஆட்டம் தொடங்கவே ஒரு மணி நேரத்துக்குமேல் தாமதம்.

விண்மீன் பிடித்த பிள்ளை உங்கள் கூட்டத்தில் இருந்தால் பிரேசில் கொடியை அதன் கையில் கொடுங்கள். நடுவில் இருக்கும் நீல வட்டம் வெறும் அலங்காரம் இல்லை. 1889 நவம்பர் 15 காலையில் ரியோ டி ஜெனிரோவின் மேல் இருந்த வானம் அது. பிரேசில் குடியரசான நாள். இன்றைக்கு 27 விண்மீன்கள் உள்ளன, 26 மாநிலங்களுக்கும் தலைநகர் மாவட்டத்துக்கும் ஆளுக்கொன்று. ஒன்றே ஒன்று மட்டும் எழுத்துப் பட்டைக்கு மேலே தனியாக நிற்கும், அதைத் தேடச் சொல்லுங்கள். இதற்குள் இன்னொரு புதிரும் இருக்கிறது. தென்சிலுவை என்ற விண்மீன் கூட்டம் பிரேசில் கொடியிலும் உண்டு, ஆஸ்திரேலியா கொடியிலும் உண்டு. நான்கு பெரிய விண்மீன்களோடு ஒரு குட்டி விண்மீன். ஆஸ்திரேலியாவில் அந்தக் குட்டி சிலுவையின் வலப்பக்கம், பிரேசிலில் இடப்பக்கம். யார் வரைந்தது தப்பு? இருவருமே சரிதான். ஆஸ்திரேலியா பூமியில் நின்று அண்ணாந்து பார்த்து வரைந்தது. பிரேசில், வானத்தை ஒரு பெரிய உருண்டையாக வைத்து அதற்கு வெளியே நின்று பார்த்ததுபோல வரைந்தது. அதனால் இடம் வலம் மாறிவிட்டது. நியூசிலாந்து அந்தக் குட்டி விண்மீனையே விட்டுவிட்டது, நான்கோடு முடித்துக்கொண்டது.

பிள்ளைகளே வரைந்த கொடிகள் உண்டு என்பதை நடுவில் எங்காவது சொல்லுங்கள், விளையாட்டின் போக்கே மாறும். ஆஸ்திரேலியா 1901-ல் கொடிக்குப் போட்டி வைத்தபோது 32,823 வரைபடங்கள் வந்தன. ஏறக்குறைய ஒரே மாதிரி வரைந்திருந்த ஐந்து பேர் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஐவர் எவன்ஸ் என்ற 14 வயதுப் பள்ளி மாணவனும் ஒருவன். பப்புவா நியூ கினியாவின் கொடியை வரைந்தது சூசன் கரிக்கே என்ற 15 வயதுப் பள்ளி மாணவி, 1971-ல். கொடியை மூலைக்கு மூலை குறுக்கே பிரித்து, சிவப்புப் பாதியில் பறக்கும் சொர்க்கப் பறவையையும் கறுப்புப் பாதியில் தென்சிலுவையையும் வைத்தாள்.

தேசியக் கொடி இல்லையென்றாலும் அலாஸ்காவின் கதையை நான் விடமாட்டேன். 1927-ல் அலாஸ்கா இன்னும் மாநிலம் ஆகவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடிப் போட்டி வைத்தார்கள். அனாதை இல்லத்தில் வளர்ந்த பென்னி பென்சன் என்ற 13 வயதுப் பையன் நீலத் தாளில் எட்டே எட்டு விண்மீன்களை வரைந்து அனுப்பினான். சப்தரிஷி மண்டலத்தின் ஏழும் துருவ நட்சத்திரமும். நீலம் அலாஸ்காவின் வானத்துக்கும் அங்கே பூக்கும் ஒரு சிறு காட்டுப்பூவுக்கும், துருவ நட்சத்திரம் வடகோடியில் அமையப்போகும் மாநிலத்துக்கும் என்று எழுதியிருந்தான். அவனுக்குக் கடிகாரமும் படிப்புக்கு 1,000 டாலரும் கிடைத்தன. 1959-ல் அலாஸ்கா மாநிலமானபோதும் கொடி மாறவில்லை. இந்தக் கதையைச் சொன்ன கையோடு எல்லோருக்கும் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, 'நம்ம குடும்பத்துக்கு ஒரு கொடி' என்று சொல்லிப் பாருங்கள். ஒரே நிபந்தனை: எதற்கு எந்த நிறம் என்று காரணம் சொல்ல வேண்டும்.

நிறம் என்றதும் இரண்டு கேள்விகள். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றுமே இல்லாத தேசியக் கொடி எது? ஜமைக்கா மட்டும்தான். கறுப்பு, பச்சை, பொன்மஞ்சள். இரண்டாவது, ஊதா எங்கே இருக்கிறது? டொமினிக்கா கொடியில் ஒரு கிளி இருக்கும், அதன் உடம்பில் ஊதா. நிகரகுவா கொடியின் நடுச் சின்னத்துக்குள் ஒரு குட்டி வானவில் இருக்கும், அதில் கொஞ்சம். ஊதா ஏன் அரிது என்பதற்கு, பழங்காலத்தில் அந்தச் சாயத்தைக் கடல் நத்தைகளிலிருந்து எடுத்தார்கள், விலை எட்டாத உயரம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் 1856-ல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்துவிட்டார், அதற்குப் பிறகு அது மலிந்துபோனது. இன்றைய கொடிகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னால் வந்தவை. ஆக, விலையைவிட வழக்கம்தான் காரணம் என்பது என் கணிப்பு. புது நாடுகள் அக்கம்பக்கத்து நாடுகளின் கொடிகளைப் பார்த்தே தங்கள் நிறங்களைத் தேர்ந்தெடுத்தன, அவற்றில் ஊதா இல்லை.

சின்னஞ்சிறுசுகளுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம், பொருள் தேடும் வேட்டை போதும். பூட்டானில் டிராகன், இலங்கையில் வாளேந்திய சிங்கம், உகாண்டாவில் கொக்கு, மெக்சிகோவில் பாம்பைப் பிடித்த கழுகு, லெபனானில் மரம், கனடாவில் இலை, கம்போடியாவில் கோயில், லெசோத்தோவில் தொப்பி, சைப்ரஸில் அந்த நாட்டின் வரைபடமே. பெலீஸ் கொடியில் இரண்டு ஆட்கள் நிற்பார்கள். மொசாம்பிக் கொடியில் புத்தகமும் மண்வெட்டியும் இருக்கும், கூடவே ஏகே 47 துப்பாக்கியும். அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், பெரிய பிள்ளைகள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொடிகளைப் பற்றி வாய்வழியாகச் சுற்றும் தகவல்களில் பொய்யும் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியக் கொடியில் 12 நட்சத்திரம் இருப்பது 12 நாடுகளுக்காக என்பார்கள். இல்லை, உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கனடா இலையின் 11 முனைகளுக்கும் தனி அர்த்தம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் முதல் கொடியை பெட்ஸி ராஸ் என்ற பெண் தைத்தார் என்ற கதையை அவருடைய பேரன் 1870-ல்தான் வெளியே சொன்னார், அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை. டென்மார்க்கின் கொடி 1219-ல் போர்க்களத்தில் வானத்திலிருந்து விழுந்தது என்பதைக் கதையாகவே சொல்லுங்கள், நல்ல கதை. 'நிலாவில் காற்றே இல்லையே, கொடி எப்படிப் பறக்கும்?' என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. 1969-ல் நட்ட கொடியின் மேல் ஓரத்தில் ஒரு குறுக்குக் கம்பி செருகியிருந்தார்கள். கம்பி முழுதாக நீளாததால் துணி சுருங்கி நின்றது, அது படத்தில் பறப்பதுபோலத் தெரிகிறது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கும் அட்டைகளோ புத்தகமோ எந்த வருடத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள், கொடிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. லிபியா கொடி வெறும் பச்சைத் துணியாக இருந்தால் அது 2011-க்கு முந்தைய அட்டை. மௌரிடேனியாவில் மேலும் கீழும் சிவப்புப் பட்டை இல்லையென்றால் 2017-க்கு முந்தையது. கிர்கிஸ்தான் சூரியனின் கதிர்கள் நெளிநெளியாக இருந்தால் அதுவும் பழசு. பார்க்கச் சூரியகாந்திப் பூ மாதிரி இருக்கிறது என்று 2023 டிசம்பரில் சட்டம் போட்டு, 40 கதிர்களையும் நேராக்கிவிட்டார்கள்.